ஒரு மணி நேரத்தில் மறைகிற முட்டை

412. இந்த எண்ணை மறந்துவிடாதீர்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நானூற்றுப் பன்னிரண்டு ஸ்லைடுகள். ஸ்லைடு என்றால் விரல் நீளக் கண்ணாடித் துண்டு. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பள்ளிப் பிள்ளையின் மலம், பயறளவு. முகம் சுளிப்பவர்கள் சுளித்துக்கொள்ளுங்கள். சுளிக்காமல் பத்தொன்பது வருடம் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்தவளைப் பற்றி எழுதுகிறேன். அவள் எண்ணிய 412-ஐயும் ஒரே கையெழுத்தில் குப்பை என்றார்கள். எண்ணியவளையும் சேர்த்து.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெயர் முட்டைக்காரி. வயிற்றுப் புழுக்களின் முட்டைகளை எண்ணுவது அவள் வேலை. அந்தப் பெயர் கேன்டீன் வரைக்கும் போய், புதிதாக வந்த டீ மாஸ்டர் ஒருநாள் கேட்டே விட்டார்: "அக்கா, மொத்தமா எடுத்தா என்ன வெலைக்குத் தருவீங்க?"

"என் முட்டையில ஆம்லெட் போட்டீங்கன்னா, அண்ணே, அப்புறம் டீ குடிக்கக்கூட ஒருத்தனும் வரமாட்டான்."

வயது நாற்பத்தாறு. கணவர் சீருடை தைக்கிற கம்பெனியில் காலர் பிரிவு. ஒரு மகள், பள்ளிக் கடைசி வருடம். வேலையோ ஒப்பந்த வேலை. பதினோரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். பத்தொன்பது வருடமாகப் புதுப்பிக்கிறார்கள். இதை நிரந்தரம் ஆக்கச் சொல்லி, தொழிற்சங்கத்துக்காரன் என்ற முறையில், நானே மூன்று முறை வாசலில் கோஷம் போட்டிருக்கிறேன். நடக்கவில்லை.

அந்த வருடம் வந்த ஆய்வு இது. ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று புழுக்கள் பார்க்க வேண்டும்: உருண்டைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு. எதன் முட்டை எத்தனை என்று எண்ணித் தாளில் மூன்று கட்டத்தில் எழுத வேண்டும். எந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு எந்த மருந்து என்பதை அந்த எண்கள்தான் முடிவுசெய்யும். ஒரு முட்டை கண்டால் இருபத்து நாலால் பெருக்குவார்கள், ஒரு கிராமுக்கு இத்தனை என்று. சுழி கண்டால் எதால் பெருக்கியும் பயனில்லை.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. கதை முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. மலத்தைச் சல்லடையில் தேய்த்து, கண்ணாடியில் வைத்து, கிளிசரினில் ஊறிய மெல்லிய தாளால் மூடி அழுத்துவார்கள். கிளிசரின் மற்றதையெல்லாம் கண்ணாடிபோலத் தெளிய வைக்கும். முட்டைகள் மட்டும் தெரியும். ஆனால் கொக்கிப்புழு முட்டைக்குத் தோல் மெல்லிசு. ஒரு மணி நேரம் போனால் அதுவும் தெளிந்துவிடும். இருக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. பிறகு எந்த மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் சுழிதான். மற்ற இரண்டும் தடித்தோல் ஆசாமிகள். நாலு நாள் கழித்துப் பார்த்தாலும் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

அதனால் முட்டைக்காரி ஆறு ஆறாகத்தான் ஸ்லைடு போடுவாள். போட்ட ஆறிலும் கொக்கியை மட்டும் முதலில் எண்ணி முடிப்பாள். பிறகு திரும்பி வந்து நிதானமாக மற்ற இரண்டு. ஒவ்வொரு ஸ்லைடுக்கும் போட்ட நேரம், பார்த்த நேரம் இரண்டையும் சொந்த நோட்டில் குறித்துக்கொள்வாள். நோட்டு மகளுடையது, அட்டையில் வேதியியல் என்று எழுதியிருக்கும்.

அவளுக்குப் பக்கத்து மேசை மின்னலுடையது. முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகள், கை வேகம். வேகத்துக்குத்தான் அந்தப் பெயர். அவன் தட்டுக்கு முப்பது ஸ்லைடு. அரை மணியில் முப்பதையும் வரிசையாகப் போட்டு வைத்து, ஒன்றிலிருந்து முப்பது வரை ஒவ்வொன்றிலும் மூன்று புழுவையும் ஒரே மூச்சில் எண்ணிக்கொண்டே போவான். சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். அது டைரக்டரின் சுற்றறிக்கை. "தட்டுக்கு முப்பது. ஒரே தவணை. காலதாமதம் கூடாது." அவருக்குத் தட்டுகளின் கணக்கு வேண்டும். தட்டில் என்ன இருக்கிறது என்பது இரண்டாம் பட்சம்.

அந்தச் சுற்றறிக்கையை முட்டைக்காரி மீறினாள். அவளுக்கும் தெரியும். அவள் கடைசி மூன்று மாதத்துக்குத்தான் வேறு பிரிவிலிருந்து இந்த ஆய்வுக்கு வந்தாள். அதற்குள் மின்னல் அறுநூறு முடித்திருந்தான்.

மாடியில் எண்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டுகிற அம்மாள் ஒருவர். புள்ளியியல் படித்தவர். கீழே இறங்கி யாரும் பார்த்ததில்லை. பெயர் மாடி மேடம். அவர் போட்டிருந்த கணக்கு மாடல், மூன்று புழுவையும் தனித்தனியாக எடுத்துக்கொள்ளும். முதல் மாதங்களில் வந்த தாள்களை வைத்து ஒவ்வொரு புழுவுக்கும் எண்கள் எவ்வளவு பரவலாம் என்று ஓர் எல்லை கட்டியிருந்தார். முதல் மாதங்களின் தாள் என்றால் மின்னலின் தாள். மின்னலின் தாளில் கொக்கி என்ற கட்டம் முழுக்கச் சுழி, அங்கங்கே இரண்டு, ஐந்து. அந்த எல்லைக்கு முன்னால் முட்டைக்காரியின் தாள் போய் விழுந்தது. 0, 0, 0, 5, 0, 0, 212, 0, 38. கம்ப்யூட்டர் சிவப்புக் காட்டியது. அதில் மின்னல் எண்ணுபவர் எண் ஒன்று, இவள் இரண்டு. எண்ணுபவர் எண் இரண்டு: ஏற்கத்தக்கதல்ல.

மெமோ வந்தது. 412 ஸ்லைடுகளும் ஆய்விலிருந்து நீக்கம். பொய்யாகவோ கவனக்குறைவாகவோ எண்ணியதற்கு ஏழு நாளில் விளக்கம். ஒப்பந்தப் புதுப்பிப்பு, விளக்கத்தைப் பொறுத்து.

அவள் நேராக டைரக்டரிடம் போனாள். ஏ.சி. அறை, மேசையில் கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே அவர் வாங்கிய சான்றிதழ்கள்.

"சார், கொக்கி ஒரு மணி நேரத்துக்கு மேல தெரியாது. பயிற்சிப் புத்தகத்துலயே இருக்கு."

"புத்தகம் பொதுவா எழுதினதும்மா. இது நம்ம ஆய்வு. நம்மளுக்குச் சுற்றறிக்கை."

"புழுவுக்குச் சுற்றறிக்கை போகலையே சார்."

அவருக்குப் பிடிக்கவில்லை. நோட்டைக் காட்டினாள். "இது உங்க பொண்ணோட கெமிஸ்ட்ரி நோட்டு. ஆவணம் இல்ல" என்றார். "உங்க வயசுக்குக் கண்ணு ஒருதடவ பாத்துக்கறது நல்லது" என்று சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

போய்ப் பார்த்தாள். கண் டாக்டர் கடைசி வரியின் கடைசி எழுத்துவரை படிக்க வைத்து, கீழே அச்சகத்தின் பெயரையும் அவள் சேர்த்துப் படித்ததும் சிரித்துவிட்டாராம். பார்வை சரி என்று சான்றிதழ். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் டைரக்டர், "அப்போ கண்ணு இல்ல, கவனம்தான்" என்றார். கவனத்துக்கு எந்த டாக்டர் சான்றிதழ் கொடுப்பார் என்று சொல்லவில்லை.

அப்புறம்தான் எங்கள் சங்கத்துக்கு வந்தாள். சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு ஃபேன். ஏழு நாளில் மூன்று போயிருந்தது. நான் மெமோவைப் படித்துவிட்டு, பழக்க தோஷம், ஒரே மூச்சில் இரண்டு பக்கம் எழுதினேன். உழைக்கும் பெண்ணின் மேல் நிர்வாகம் தொடுத்த தாக்குதல் என்று ஆரம்பித்து, எச்சரிக்கிறோம் என்று முடித்தேன். அவள் படித்தாள்.

"அண்ணே, இதுல புழுவே இல்லையே."

உண்மை. இல்லை. அந்தக் கடிதம் குப்பை. எந்தத் தொழிற்சாலைக்கு வேண்டுமானாலும் அதை அனுப்பலாம்.

"சரிம்மா. ஆறு ஆறா போட்டதச் சொல்லாதீங்க. சுற்றறிக்கைய மீறினேன்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி ஆகிடும்" என்றேன்.

"அதச் சொல்லலன்னா எங்கிட்ட மட்டும் கொக்கி எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்களே? எங்க வீட்லேருந்து கொண்டுவந்து போட்டேன்னு சொல்லவா?"

அவளுக்குப் பின்னால் அவள் கணவர் நின்றிருந்தார். கையில் தைத்துக்கொண்டிருந்த காலர் ஒன்று அப்படியே. கம்பெனியிலிருந்து நேராக வந்திருக்கிறார். "நானும் ஒரு நாளைக்கு இருநூறு காலர் தைக்கிறேன். ஒண்ணு கோணிப்போனா நூல்தான் கோணிச்சுங்கறான். என் கழுத்தப் பிடிக்கறதில்ல. இவள மட்டும் ஏன் சார் இப்படி?" என்றார். பிறகு அவளிடம், "பேசாம எல்லாத்துக்கும் சுழி போட்டுட்டு வந்திருக்கலாம் நீ. வீட்டுக்காவது சீக்கிரம் வந்திருப்ப."

"ஆமா, காலருக்குப் பட்டன் வெக்காம நீங்களும் சீக்கிரம் வாங்க" என்றாள்.

நான்காம் நாள் நானும் அவளும் மாடி ஏறினோம். லிஃப்ட் இருந்தது, ஒப்பந்த ஊழியர்களுக்கு இல்லை. மாடி மேடம் ஐம்பதைத் தாண்டியவர், மெலிந்த உருவம், இரண்டு திரைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் எண்ணைத் தவிர எதையும் நம்பாத பிடிவாதம். நான் வாயைத் திறந்ததும், "யூனியன் பேச்சு வேணாம். கணக்குல ஏதாவது இருந்தா சொல்லுங்க" என்றார். நான் வாயை மூடினேன். என் வாழ்க்கையில் அபூர்வம்.

"உங்க எண்கள் ரொம்பப் பரவுதும்மா. பக்கத்து டேபிள்ல அப்படி இல்லையே" என்றார் மேடம்.

"புழு ஆளுக்கு ரெண்டுன்னு பங்கு போட்டுக்கிட்டு வராது மேடம். பத்துப் பிள்ளைங்கள்ல ஏழெட்டுப் பேர்கிட்ட ஒண்ணுமே இருக்காது. ஒருத்தன்கிட்ட மொத்த ஊரும் குடியிருக்கும்."

"அது தெரியும். அதுக்கும் இடம் விட்டுத்தான் எல்லை வெச்சிருக்கேன். கொக்கியில நீங்க அதையும் தாண்டிட்டீங்க."

"மத்த ரெண்டுலயும்?"

மேடம் திரையைப் பார்த்தார். "உருண்டை சரி. சாட்டை சரி."

"அப்ப என் கண்ணு ஒரு புழுவுக்கு மட்டும் கெட்டுப்போச்சா? கவனம் கெட்டா மூணுலயும்தானே மேடம் கெடும்? ஒரே ஸ்லைடு, ஒரே கண்ணு, ஒரே உட்காரல்."

மேடம் மறுபடி திரைக்குத் திரும்பினார். மூன்றையும் தனித்தனியாகத்தான் ஓட்டியிருந்தார். ஒரு பிள்ளையின் மூன்று எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் பார்க்கவில்லை. கொக்கிக்கு ஒரு வரைபடம், சாட்டைக்கு ஒரு வரைபடம், உருண்டைக்கு ஒன்று. வயிறு ஒன்றுதான் என்பது மாடலுக்குத் தெரியாது.

"லேபிள்ல தட்டு நம்பரும் வரிசை நம்பரும் இருக்கும். மின்னலோட தட்டுல முன்னாடி எட்டு ஸ்லைடு தனியா, மிச்சம் தனியா எடுத்துப் பாருங்க. எட்டு வரைக்கும்தான் ஒரு மணி நேரத்துக்குள்ள பாத்திருப்பான்" என்றாள் இவள்.

எடுத்தார். இருபது தட்டு. முன்னால் இருந்த எட்டெட்டாக 160 ஸ்லைடில் கொக்கி இருந்தது 37-இல். பின்னால் இருந்த 440-இல் வெறும் ஐந்து. அந்த ஐந்தும் ஒன்பதாம், பத்தாம் இடத்தில். உருண்டையும் சாட்டையும் தட்டின் முதலிலிருந்து கடைசிவரை நூற்றுக்கு இத்தனை என்று மாறாமல் போயின. ஒன்றுமட்டும் பாதி வழியில் காணாமல் போகிறது. முட்டைக்காரியின் 412-இல் 97. நூற்றுக்கு இருபத்து மூன்று. மின்னலின் முதல் எட்டிலும் நூற்றுக்கு இருபத்து மூன்று.

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் காணாமப் போன முட்டைகள வெச்சு எல்லை கட்டியிருக்கேன்" என்றார். யாருக்கோ சொல்வது போலச் சொன்னார். மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் நோட்டைக் கேட்டார். "அந்த கெமிஸ்ட்ரிய இங்க விட்டுட்டுப் போங்க."

கீழே இறங்கும்போது படியில் மின்னல் நின்றிருந்தான். செய்தி எங்களுக்கு முன்னால் இறங்கியிருந்தது.

"ஏன்க்கா, என்னக் காட்டிக் குடுத்துட்டியா?"

"உன்ன இல்லடா. முப்பத."

"முப்பதப் போட்டது என் கைதானே."

"போடச் சொன்ன கை மாடியில ஏ.சி.ல இருக்கு. நீ நாளைக்கு எங்கூட உக்காரு. ஒரே ஸ்லைட ரெண்டு பேரும் எண்ணுவோம்."

அவன் தலையைச் சொறிந்தான். "வேகமா எண்ணவா, மெதுவாவா?"

"கடிகாரத்தப் பாத்து எண்ணு."

மறுநாள் டைரக்டரைக் கீழே இறக்க மாடி மேடத்தால்தான் முடிந்தது. ஃபினாயில் வாசனையில் அவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே நின்றார். ஒரு ஸ்லைடு. இருபதாவது நிமிடம்: இவள் 31, மின்னல் 31. ஒரு மணி நேரம்: இவள் 6, மின்னல் 5. இரண்டு மணி நேரம்: இருவருக்கும் சுழி. டைரக்டரையும் பார்க்கச் சொன்னாள். குனிந்தார். நெடுநேரம் குனிந்திருந்தார்.

"ஒண்ணும் தெரியலையே" என்றார்.

"கண்ணு டாக்டருக்குச் சீட்டு எழுதவா சார்?" என்றான் மின்னல். அவனை முறைக்க வேண்டியவர்கள் எல்லோரும் முறைத்தார்கள்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. முடியாது என்பதைத்தான் முப்பது வருடச் சங்க வேலையில் நான் கற்றுக்கொண்டேன். உண்மையை நிரூபிப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, அதற்கு ஒரு படிவம் கண்டுபிடிப்பது.

முதலில், பார்த்த நேரத்துக்குத் தாளில் கட்டம் இல்லை என்றார்கள். கட்டம் இல்லாத ஒன்றைக் கணக்கில் சேர்க்க ஒரு குழு கூட வேண்டும். குழுவில் ஒருவர் விடுமுறையில். ஐந்து வாரம். பிறகு மின்னலின் அந்த 440 ஸ்லைடை என்ன செய்வது என்று ஒரு சண்டை. சாம்பிள்களை அன்றன்றைக்கே கொட்டியாகிவிட்டது. திரும்ப எண்ண வழியில்லை. மேடம் அவற்றில் கொக்கிக் கட்டத்தை வெறுமையாக விட வேண்டும் என்றார். டைரக்டர் துள்ளினார்.

"அறிக்கையில நானூத்தி நாப்பது வெறும் கட்டமா? பாக்கறவன் என்ன நெனைப்பான்? சுழின்னு இருந்தா என்ன குறைஞ்சுபோச்சு?"

"சுழின்னா பாத்தோம், இல்லன்னு அர்த்தம். நாம பாக்கவே இல்ல சார். பாத்தபோது அது போயிடுச்சு" என்றார் மேடம்.

"அந்த அறுநூறுல கொக்கி நூத்துக்கு ஏழுதான்னு ஏற்கெனவே மேல சொல்லியாச்சு. அந்தப் பகுதிக்குக் கொக்கி மருந்து வேணாம்னும் சொல்லியாச்சு."

இதையெல்லாம் மேடம்தான் பிறகு என்னிடம் சொன்னார்.

இந்த வாரங்கள் முழுக்க முட்டைக்காரி வேலையில்லாமல், ஆனால் தினமும் கையெழுத்துப் போட்டு, காலி மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மைக்ராஸ்கோப்புக்கு உறை போட்டுவிட்டார்கள். அவள் விரல்கள் மேசையில் தட்டிக்கொண்டே இருக்கும்: முட்டைக்கு ஒரு தட்டாக எண்ணும் பொத்தான் பெட்டியில் உருண்டைக்கு ஆள்காட்டி விரல், சாட்டைக்கு நடுவிரல், கொக்கிக்கு மோதிர விரல். வீட்டிலும் அப்படித்தான் என்று கணவர் சொன்னார். "சாப்பிடும்போது மோதிர விரல் மட்டும் தட்டுது. கேட்டா, ஒண்ணுமில்லங்கறா. நான் தட்ட நகத்தி வெச்சுப் பாத்துட்டேன், அப்பவும் தட்டுது."

ஏழாவது வாரம் மாடி மேடம் அவளைக் கூப்பிட்டார். மூன்று புழுவையும் சேர்த்து, பார்த்த நேரத்தையும் உள்ளே வைத்து, மாடலைப் புதிதாக எழுதியிருந்தார். எண்ணுபவர் எண் இரண்டு எல்லைக்குள் வந்துவிட்டார். நோட்டின் நேரங்களை ஆவணமாக ஏற்கக் குழுவும் சம்மதித்துவிட்டது. பக்கத்துக்குப் பக்கம் அவள் கையெழுத்திட வேண்டும், அவ்வளவுதான். நானும் சாட்சியாக உட்கார்ந்திருந்தேன்.

கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனவள் ஒரு பக்கத்தில் நிறுத்தினாள்.

"மேடம், இது வேணாம். எடுத்துடுங்க."

"எது?"

"இந்த ஒண்ணு. பாப்பாவுக்குக் காய்ச்சல்னு ஸ்கூல்லேருந்து போன். நான் வெளியில போய்ப் பேசிட்டு வந்தேன். நோட்டுல பார்த்த நேரம் எழுத விட்டுப்போச்சு. ஆனா எனக்குத் தெரியும், ஒரு மணி இருபது நிமிஷம் ஆயிடுச்சு. சுழின்னு எழுதியிருக்கேன். அது சுழியான்னு எனக்குத் தெரியாது."

நான் அவள் காதருகே குனிந்தேன். "ரெண்டு மாசமா நாய் படாத பாடு பட்டிருக்கோம். ஒரு கட்டம் காலியா இருக்குன்னு பழைய கதைய ஆரம்பிப்பானுங்க. விட்டுடுங்கம்மா. யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே அண்ணே."

"உங்களுக்குத் தெரிஞ்சா என்ன?"

"அப்ப டைரக்டர்கிட்ட நாம எதுக்குச் சண்ட போட்டோம்?"

சங்கத்தில் என்னை மடக்கியவர்கள் குறைவு. மடக்கியவர்கள் யாரும் இவ்வளவு மெதுவாகப் பேசியதில்லை. மேடம் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். இருவரும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

இரண்டு கடிதங்கள் ஒரே நாளில் வந்தன. ஒன்று, சுற்றறிக்கையை மீறி ஆறு ஆறாக ஸ்லைடு போட்டதற்கு அவளுக்குக் கண்டிப்பான எச்சரிக்கை. அதே கடிதத்தின் மறுபக்கத்தில் புதிய சுற்றறிக்கை: இனி எல்லோரும் தட்டுக்கு ஆறு. காகிதத்தை மிச்சப்படுத்தியிருக்கிறார்கள். பேசாமல் அதைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்றான் மின்னல். "எந்தப் பக்கம் தெரியற மாதிரி?" என்று கேட்டாள் அவள். கொக்கி மருந்து அந்தப் பகுதிக்கு உண்டா என்பதற்கு இன்னும் பதில் இல்லை. கேட்டு மூன்று கடிதம் போட்டிருக்கிறேன், இந்த முறை புழுவை உள்ளே வைத்து.

இரண்டாவது கடிதம் இரண்டே வரி. ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்கு நீட்டிப்பு என்பது முதல் வரி. அவள் அதை எடுத்துவந்து, சங்க அறையில் என் மேசையில் வைத்து, இரண்டாம் வரியின் மேல் மோதிர விரலால் ஒருமுறை தட்டினாள்.

எண்ணுபவர் எண் இரண்டு. ஏற்கப்பட்ட ஸ்லைடுகள்: 411.